மணிக்கு இரண்டு நிமிடம்

ரைமோவுக்குக் காது மந்தம் என்று ஊரில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். கூட்டுறவுக் கடையில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டான். நான்தான் சமாளிப்பேன். "பக்கத்துல நின்னு கத்தினா அவனுக்கு விழாது. அலாஸ்காவுல ஒருத்தன் தும்மினா மட்டும் நல்லாக் கேக்கும்." கடையே சிரிக்கும். அவனும் சிரிப்பான், பால் டப்பாவைப் பார்த்தபடி.

நான் ஹில்க்கா, அவனைக் கட்டியவள். முப்பது வருஷம் பள்ளிக்கூடச் சமையல்கட்டில் நின்றவள் என்பதால் என் வாய் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். அவன் அதே முப்பது வருஷம் பனி தள்ளும் லாரி ஓட்டினான். வடதுருவத்தை ஒட்டிய எங்கள் பக்கத்தில் இனாரி ஏரியிலிருந்து நார்வே எல்லை வரைக்கும் ஒரே ரோடு, ஒரே ஆள், பேச்சுத் துணைக்கு ஒரு ரேடியோ. அந்த ரேடியோவில் ஒரு ஜனவரி மாதம் மத்திய அலையில் முள்ளைத் திருப்பிக்கொண்டே போனபோது யாரோ ஒருத்தன் ஏதோ ஒரு ஊரில் உருளைக்கிழங்கு மூட்டை விற்பதற்கு இருக்கிறது என்று இங்கிலீஷில் சொல்லியிருக்கிறான். ஊர்ப் பேரையும் சொல்லியிருக்கிறான். வீட்டுக்கு வந்து மகளுடைய பள்ளிக்கூட வரைபடத்தில் தேடினால், அது அமெரிக்காவின் மேற்கு ஓரத்தில், மலைகளுக்கு நடுவில். அன்றைக்குப் பிடித்தது சனியன். அதற்கப்புறம் விடவேயில்லை.

ஓய்வு பெற்றதும், நீராவிக் குளியலுக்கென்று இருந்த பழைய சவுனா அறையை ரேடியோ அறையாக மாற்றிக்கொண்டான். வீட்டிலிருந்து அறுபது அடி தள்ளி இருக்கிறது. ஆகஸ்ட் கடைசியில், பனி விழுவதற்கு முன், சதுப்பு நிலத்தில் கம்பு நட்டு ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குச் செம்புக் கம்பி இழுப்பான். கலைமான்கள் அதை அறுத்துவிட்டுப் போகும். அவற்றின் சொந்தக்காரனோடு சண்டை போட்டுவிட்டு மறுபடியும் இழுப்பான். மின்சாரத்தில் இரைச்சல் வருமென்று ரேடியோவுக்கு லாரி பாட்டரி, விளக்குக்கு இன்னொரு பாட்டரி. டிசம்பரில் எங்களுக்குச் சூரியனே கிடையாது. மத்தியானம் ஒரு மணி நேரம் நீலமாக ஒரு வெளிச்சம், அவ்வளவுதான். மற்ற ஊர்க்காரர்களுக்கு ராத்திரியில் மட்டும் எட்டுகிற ஸ்டேஷன்கள் எங்களுக்குப் பட்டப்பகலிலும் வந்து சேரும். அவனுக்கு அதுதான் அறுவடைக் காலம்.

ஒரு ஸ்டேஷன் காதில் விழுந்துவிட்டால் மட்டும் போதாது, அதை நிரூபிக்க வேண்டும். எந்த நிமிஷத்தில் என்ன பாட்டு, யார் பேசினார்கள், என்ன விளம்பரம் என்று நோட்டில் குறித்து, அந்த ஸ்டேஷனுக்கே கடிதம் போடுவான். 'ஆமாம், நீங்கள் கேட்டது நாங்கள்தான்' என்று அங்கிருந்து ஓர் அட்டை வரும். அப்படி இருநூறுக்கு மேல் எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கின்றன. ஒரு ஸ்டேஷன்காரர் எழுதியிருந்தார், 'எங்கள் ஊர் மலைக்கு அந்தப் பக்கத்திலேயே யாரும் எங்களைக் கேட்பதில்லை, உங்கள் கடிதத்தைப் படித்து என் மனைவி அழுதுவிட்டாள்' என்று. அந்த அட்டையை மட்டும் ரைமோ எனக்குப் படித்துக் காட்டினான். அவன் அதிகம் பேசிய நாட்களில் அதுவும் ஒன்று.

ஆனால் எதற்கும் பெயர் காதில் விழ வேண்டும். ஸ்டேஷன்கள் தங்கள் பெயரைச் சொல்வது பெரும்பாலும் மணி அடிக்கிற நேரத்தில்தான். அந்த ஒரு நிமிஷம் கைநழுவினால் மூன்று மணி நேரம் உட்கார்ந்து கேட்டதெல்லாம் ஆற்றில் கரைத்த புளி.

என் நுரையீரல் கெட்டியாகிக்கொண்டே வருகிறது, இனிச் சரியாகாது என்று தொண்ணூற்றாறாம் வருஷம் வசந்தத்தில் சொன்னார்கள். செப்டம்பரில் வீட்டுக்கு ஒரு இயந்திரத்தை அனுப்பி வைத்தார்கள். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும். அரை ஆள் உயரம், அடியில் சக்கரம், நீளமான குழாய், எந்நேரமும் ஒரு உறுமல். கரண்ட் போனால் என்ன செய்வதென்று கேட்டதற்கு, ஒரு சிலிண்டரையும் கொடுத்தார்கள். அதை முன்கூடத்தில் ஃபோனுக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்தோம். ரொம்ப இறுக்கமான திருகு, அதற்கென்று ஒரு சாவி. என் மணிக்கட்டில் அதற்குப் பலமில்லை. "நான்தான் இருக்கேனே" என்றான் ரைமோ.

இயந்திரம் வந்த அன்று சாயங்காலம் ரேடியோ அறையிலிருந்து முகம் வெளுத்துப்போய் வந்தான்.

"எல்லாம் போச்சு. இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரே இரைச்சல்."

"கலைமான் அறுத்திருக்கும், போய்ப் பாரு."

போய்ப் பார்த்தான். இரண்டு மணி நேரம் டார்ச் லைட்டோடு கம்பி நெடுக நடந்தான். கம்பி முழுசாக இருந்தது. வந்து வீட்டிலிருக்கிற ஒவ்வொன்றையும் அணைத்துப் பார்க்கச் சொன்னான். நான் ஃப்ரீஸரை அணைத்தேன், இரைச்சல் நிற்கவில்லை. டிவியை அணைத்தேன், அதுவும் இல்லை. சமையலறை விளக்கு, குளிரில் கார் இஞ்சினைச் சூடாக்குகிற கருவி, எதுவும் இல்லை. கடைசியில் இரண்டு பேரும் என் கட்டிலருகே நின்று அந்த இயந்திரத்தையே பார்த்தோம்.

அதை அணைக்கச் சொல்லி அவன் கேட்கவில்லை. இன்றுவரை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை, அதை நான் சொல்லியே ஆக வேண்டும். "பரவால்ல, எத்தனை வருஷந்தான் கேக்கறது" என்று சொல்லிவிட்டு மீன் சூப்பைச் சுட வைக்கப் போய்விட்டான். ஆனால் பழக்கம் விடுமா? தினமும் அங்கே போவான். ஒரு மணி நேரம் இரைச்சலைக் கேட்டுவிட்டுத் திரும்பி வருவான். காதில் ஹெட்ஃபோன் பதிந்த தடத்தோடு. என் மூச்சு ஓட அவன் மூச்சை நிறுத்தியது போல இருந்தது.

அக்டோபர் கடைசியில் பெர்த்தி ஃபோன் செய்தான். ஊளு நகரத்துக்காரன். வருஷா வருஷம் எங்கள் பக்கம் வந்து குடிசை எடுத்து ரேடியோ கேட்கிற கூட்டத்தில் ஒருவன், ரைமோவின் பழைய சிநேகிதன், பழைய போட்டிக்காரன். ஃபோனில் அவன் குரல் எனக்கே கேட்டது.

"என்னய்யா ரைமோ, காதுல பஞ்சா வெச்சிருக்கே? அலாஸ்கா மீன்பிடித் தீவு ஸ்டேஷன் எனக்கு நேத்து வந்துச்சே! பத்து வருஷமா நீ வலை வீசறது என் தூண்டில்ல மாட்டிக்கிச்சு!"

"நல்லது" என்று ரைமோ ஃபோனை வைத்தான்.

மறுநாள் காபி குடிக்கும்போது நானே சொன்னேன்: "மணிக்கு ரெண்டு நிமிஷம் நான் இதை அணைச்சு வெக்கிறேன்."

"பைத்தியமா உனக்கு?"

"கழிப்பறைக்குப் போறப்ப குழாயைக் கழட்டிட்டுத்தானே போறேன்? டாக்டரே போகலாம்னாங்க. ஐம்பத்தெட்டுக்கு அணைப்பேன், மணி அடிச்சு முடிஞ்சதும் போடுவேன். உனக்குப் பேர் மட்டும் கேட்டாப் போதும்ல?"

"வேணாம் ஹில்க்கா."

"யோவ், நான் உன்கிட்ட அனுமதி கேக்கல. தகவல் சொல்றேன்."

அணைச்சதும் எப்படித் தெரியும், ஏதாவது சைகை வேண்டாமா என்று கேட்டான். "இரைச்சல் நிக்கிறதே சைகைதான், வேற என்ன தம்பட்டமா அடிக்கணும்?" என்றேன். புத்திசாலித்தனமாகப் பேசிவிட்டதாக நினைப்பு எனக்கு. எங்கள் இரண்டு பேர் தலையிலும் மண்ணள்ளிப் போட்டது அந்த ஒரு வார்த்தைதான்.

அப்படியே நடந்தது. ஐம்பத்தெட்டானதும் பொத்தானை அழுத்துவேன். உறுமல் அடங்கும். நான் மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டு ஜன்னல் வழியாக அவன் அறை விளக்கைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த இரண்டு நிமிஷத்தை நான் ரசித்தேன் என்றே சொல்ல வேண்டும். நோயாளி என்றால் வாங்கிக்கொண்டே இருக்கிற பிறவி. எனக்கும் கொடுப்பதற்கு ஒன்று கிடைத்தது. அவன் நோட்டில் எனக்காக ஒரு குறி வைத்திருந்தான். நான் அமைதி செய்து கொடுத்த இடங்களில் ஓரத்தில் 'ஹி' என்று எழுதுவான். நவம்பர் முடிவதற்குள் பதினோரு புது ஸ்டேஷன் வந்து விழுந்தது. அந்தத் தீவு மட்டும் விழவில்லை.

டிசம்பர் பதினேழு. நான்கு நாளாக விடாத பனி. மரங்கள் பனியைத் தலையில் சுமந்து வளைந்து மின்கம்பி மேல் சாய்ந்து கிடந்தன. எப்போது வேண்டுமானாலும் கரண்ட் போகலாம் என்று எல்லாருக்கும் தெரியும். மூன்று மணிக்கே கும்மிருட்டு. ரைமோ காபிக் குடுவையை எடுத்துக்கொண்டு ரேடியோ அறைக்குப் போய்விட்டான். நாலு மணி எங்களுக்கு. அந்தத் தீவில் விடிகாலை ஐந்து. மீனவர்களுக்கு வானிலை சொல்கிற நேரம் என்று சொல்லியிருந்தான்.

மூன்று ஐம்பத்தேழு. நான் கட்டிலில் உட்கார்ந்து குறுக்கெழுத்து போட்டுக்கொண்டிருந்தவள், பென்சிலை வைத்துவிட்டு இயந்திரத்தின் பக்கம் கையை நீட்டினேன். பொத்தானில் விரல் படுவதற்கு முன்பே எல்லாம் நின்றது. விளக்கு, ஃப்ரீஸர், இயந்திரம், எல்லாம். ஒரு கணம் நான்தான் எதையோ அழுத்தித் தொலைத்துவிட்டேன் என்று நினைத்தேன். இயந்திரம் வீறிட்டுக் கத்தியபோதுதான் கரண்ட் போனது புரிந்தது.

முதலில் பதறவில்லை. இரண்டு நிமிஷம் எனக்குப் பழக்கம். வழக்கமாக அதற்குள் கரண்ட் வந்துவிடும். கண்ணை மூடி மெதுவாக எண்ணினேன். இரண்டு போய் மூன்றானது. நான்கானது. கட்டை விரலிலிருந்து குளிர் ஏறுவது போல ஒன்று ஏறியது. இயந்திரத்தின் கத்தலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து பூனைக்குட்டிச் சத்தமாகிவிட்டது. சிலிண்டர் முன்கூடத்தில், ஃபோனும் முன்கூடத்தில். பத்து எட்டு எடுத்து வைத்தால் போதும். நடந்துவிடலாம் என்று எழுந்தேன். ஐந்தாவது எட்டில் குழாய் காலைச் சுற்றியது. விழுந்தேன்.

விழுந்த இடத்துக்கு நேரே வாசல் கதவின் கண்ணாடி. வெளியே ஊரே இருட்டு. ஒரே ஒரு வெளிச்சம், ரைமோவின் ஜன்னல். அவன் விளக்குதான் பாட்டரியாச்சே! அவன் ரேடியோவும் பாட்டரி. கரண்ட் போனது அந்த மனுஷனுக்குத் தெரியவே தெரியாது. ஊருக்கெல்லாம் திண்டாட்டம், ரேடியோக்காரனுக்குக் கொண்டாட்டம். எங்கள் வீட்டு இயந்திரம் மட்டுமா நின்றது, மூன்று கிலோமீட்டர் சுற்றளவில் இரைச்சல் போடுகிற எல்லாமே நின்றுவிட்டது. அப்படி ஓர் அமைதி அவன் காதுக்கு அதுவரை கிடைத்திருக்காது.

அவன் முதுகு தெரிந்தது. குனிந்து எழுதுவது தெரிந்தது. நடுவில் ஒரு தடவை இரண்டு கையையும் தூக்கினான், ஐஸ் ஹாக்கியில் கோல் போட்டவன் மாதிரி. என் உயிர் போய்க்கொண்டிருக்கிறது, என் புருஷன் அங்கே கொண்டாடிக்கொண்டிருக்கிறான்! கத்த நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் முந்நூறு பிள்ளைகளை அடக்கிய தொண்டை இது. காற்று இல்லாமல் தொண்டை எதற்கு? உதடு மட்டும் அசைந்தது. தரையில் கையால் அடித்தேன். அறுபது அடி, நடுவில் இடுப்பளவு பனி, அவன் காதில் ஹெட்ஃபோன். எனக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது. ஆனால் யார் மேல் ஆத்திரப்படுவது? அவன் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறான் என்று எனக்கு அட்சரம் பிசகாமல் தெரியும். ஹில்க்கா இன்றைக்கு எனக்காகக் கொஞ்சம் கூடவே விட்டு வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். அந்த நினைப்பை அவன் தலையில் போட்டதே நான்தான்.

அப்புறம் அந்த ஜன்னல் சின்னதாகிக்கொண்டே போனது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

மிச்சத்தை மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ரைமோ வந்து பார்த்து, சிலிண்டரைத் திறந்து, ஃபோன் செய்திருக்கிறான். பனி தள்ளும் லாரி முன்னால் வழி செய்துகொடுக்க, ஆம்புலன்ஸ் பின்னால் வந்திருக்கிறது. அவன் ஓட்டிய அதே லாரி, ஓட்டியது வேறு ஆள். மருத்துவமனையில் எனக்கு அரைகுறையாக நினைவு திரும்பியபோது ஒரு டாக்டரம்மா ரைமோவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு நேரம் ஆக்சிஜன் இல்லாம இருந்தாங்க? உத்தேசமாச் சொன்னாப் போதும்."

"இருபத்திரண்டு நிமிஷம்."

"உத்தேசமா?"

"இல்ல. மூணு ஐம்பத்தேழுல இருந்து நாலு பத்தொன்பது வரைக்கும்."

அவள் எழுதுவதை நிறுத்தினாள். "கூடவேவா இருந்தீங்க?"

அவன் கோட்டுப் பையிலிருந்து நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தான். அவள் ஒரு பக்கம் படித்தாள், மூடினாள், அவன் பக்கம் மெதுவாகத் தள்ளி வைத்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜனவரியில் வீட்டுக்கு வந்தேன். இதயம் கொஞ்சம் அடி வாங்கியிருக்கிறது. இயந்திரத்தில் அளவைக் கூட்டி வைத்திருக்கிறார்கள், இனி கழிப்பறைக்கும் குழாயோடுதான். இரண்டு நிமிஷம் என்ன, அரை நிமிஷம்கூடக் கிடையாது. பிழைத்ததே பெரிய விஷயம், தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்று பார்க்க வந்தவர்கள் சொன்னார்கள். ரைமோ அவர்களுக்குக் காபி ஊற்றினான்.

மறுநாள் அவன் சதுப்பில் இறங்கி, மார்பளவு பனியைத் தோண்டித் தோண்டி அந்த ஒரு கிலோமீட்டர் கம்பியையும் சுருட்ட ஆரம்பித்தான். வசந்தத்தில் பனி உருகியதும் தானாக வெளியே வருகிற கம்பி! ஐந்து நாள் தோண்டினான். ரேடியோவை எடுத்துக்கொண்டு போகச் சொல்லி பெர்த்திக்கு ஃபோன் செய்தான். பெர்த்தி வரவில்லை. ஃபோனிலேயே அழுதான் என்று நினைக்கிறேன், இந்தப் பக்கம் ரைமோ "சரி விடு, சரி விடு" என்று அவனைத் தேற்றிக்கொண்டிருந்தான்.

"யோவ், நான் உயிரோடதானே இருக்கேன்? எதுக்கு இந்த எழவு வேஷம்?" என்று கத்தினேன். மூச்சு இருக்கிற வரைக்கும் கத்தினேன்.

"கத்தாதே. மூச்சு வாங்கும்."

"போய் அங்க உக்காருய்யா. இரைச்சலையாவது கேளு."

"இங்கயே கேக்குதே."

இப்போது என் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறான். தலையை ஒரு பக்கம் சாய்த்து, கண்ணைப் பாதி மூடி. ஸ்டேஷன் தேடுகிறபோது அப்படித்தான் உட்காருவான், நான் ஜன்னலில் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். அவன் கேட்பது இயந்திரத்தின் உறுமலை. அது ஒரு கணம் தடுமாறினால் எழுந்து நின்றுவிடுகிறான். ஒவ்வொரு மணிக்கும் ஐம்பத்தேழாகும்போது அவன் கை நாற்காலிப் பிடியை இறுக்குவதைப் பார்க்கிறேன். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரு மனுஷனை எப்படி மன்னிப்பது, அவன் தப்பே செய்யாதபோது?

அவன் வேறு கோட்டைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போன ஒரு நாள், கோட்டுப் பையிலிருந்த அந்த நோட்டை எடுத்துப் படித்தேன்.

'15.57 இரைச்சல் சுத்தமாகப் போச்சு. ஹி. ஒரு நிமிஷம் முன்னாடியே.
15.59 கிட்டார். பெண் குரல்.
16.00 செய்தி. பேர் சொல்லவில்லை.
16.03 இன்னும் அமைதி. ஹி. இன்னைக்குத் தாராளம்.
16.07 மீனவர்களுக்கு வானிலை. அலை பதினோரு அடி. இதுதான்! இதுதான்!
16.12 இன்னும் விட்டு வெச்சிருக்கா. போய்ப் போதும்னு சொல்லணும். பேர் மட்டும் வந்துடட்டும்.
16.16 மங்குது.
16.18 திரும்ப ஏறுது. நல்லாக் கேக்குது.'

அதோடு நின்றிருந்தது. நான் அந்தக் கடைசி வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்ப ஏறுகிறது, நன்றாகக் கேட்கிறது, பெயர் எந்த நிமிஷமும் வரும். பத்து வருஷமாகக் காத்திருந்த பெயர். அதை விட்டுவிட்டு எழுந்திருக்கிறான். நெஞ்சுக்குள் என்னவோ இளகியது. ஏதோ ஒன்று அவனை உலுக்கியிருக்க வேண்டும். நாற்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கு அப்படி ஒன்று இல்லாமலா போகும்?

அவன் வந்ததும் நோட்டை மடியில் வைத்துக்கொண்டே கேட்டேன்.

"நல்லாக் கேக்குதுன்னு எழுதியிருக்கே. அடுத்த நிமிஷம் எழுந்து வந்திருக்கே. எதுக்குய்யா வந்தே?"

அவன் தொப்பியைக் கழற்றினான். கையில் வைத்துத் திருப்பினான். உன் நினைப்பு வந்தது என்று ஒரு பொய் சொல்லிவிடேன் என்று நான் உள்ளுக்குள் கெஞ்சினேன். எனக்காக இல்லை, அவனுக்காக. நான் நம்பியிருப்பேன். சாகிறவரை நம்பியிருப்பேன்.

"காபி தீந்துடுச்சு ஹில்க்கா" என்றான். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் தொப்பியால் மூடிக்கொண்டான்.

நான் அவன் தலையில் கை வைத்தேன். அன்று மத்தியானம் அந்தக் குடுவையை நிரப்பிக் கொடுத்தது நான்தான். கொதிக்கிற பாத்திரத்தைத் தூக்க முடியாமல் மூச்சு வாங்கியது, பாதி ஊற்றியதும் போதுமென்று மூடியை இறுக்கிவிட்டேன். இதை அவனிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால், மீதிப் பாதியைக் குடிக்க எத்தனை நிமிஷம் ஆகியிருக்கும் என்று கணக்குப் போட உட்கார்ந்துவிடுவான்.